உணர்விழந்த பாதங்கள்: ஒரு வரலாற்றுப் பார்வை

நீரிழிவு நோயைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் நாவைப் பற்றியே பேசுகிறோம். எதை உண்ணலாம், எதை விலக்க வேண்டும், காப்பியில் சர்க்கரை இடலாமா, அரிசியைக் குறைத்துக் கேழ்வரகுக்கு மாறலாமா என்பனவே நம் இல்லங்களில் அன்றாடம் கேட்கும் உரையாடல்கள். கண்ணும் சிறுநீரகமும் கெட்டுவிடும் என்னும் அச்சமும் ஓரளவு பரவியிருக்கிறது. உடலின் கடைக்கோடியில் நிலத்தைத் தொட்டுக்கொண்டு நம்மைச் சுமந்து செல்லும் பாதத்தை மட்டும் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நற்கருணை வழங்கவும் நோயில்பூசுதல் அளிக்கவும் இல்லங்களுக்குச் செல்லும் குருக்களாகிய நாம், முழங்காலுக்குக் கீழே ஒன்றுமின்றிக் கட்டிலில் கிடப்போர் பலரைக் காண்கிறோம். எப்படித் தொடங்கியது என்று கேட்டால், ஏறத்தாழ எல்லாரும் ஒரே விடையையே தருகிறார்கள்: "ஒண்ணுமில்ல சாமி, சின்னக் கல்லுதான் குத்துச்சு. வலியே இல்ல."

வலியே இல்லை என்னும் அச்சொல்லுக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் பெரும்பகுதி நமக்கு மிக அருகில், வேலூரிலும் கொழும்பிலும் நிகழ்ந்தது. அதில் நமக்கு ஆசிரியர்களாய் அமைந்தவர்களோ, ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்ட தொழுநோயாளர்கள். சர்க்கரை நோயாளரின் கால்களைக் காக்கும் அறிவு, தொழுநோயாளரின் கால்களிலிருந்தே பெறப்பட்டது என்பதை இன்று அறிந்தவர் சிலரே. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் அறிகுறியைப் பழங்கால மருத்துவர்கள் அறியாதிருக்கவில்லை. வடமொழியில் அமைந்த சரக சம்கிதை, மேகநோய்கள் 20 என வகுத்து, அவை தோன்றுமுன் காணும் குறிகளையும் கூறுகிறது. சிறுநீரிலும் உடலிலும் எறும்பு மொய்ப்பது அவற்றுள் ஒன்று. கைகளிலும் பாதங்களிலும் மரமரப்பும் எரிச்சலும் உண்டாவது மற்றொன்று. நம் சித்த மருத்துவ மரபும் மேகநோய்களை 20 என்றே எண்ணுகிறது. இனிப்பையும் எரிச்சலையும் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று மற்றொன்றைப் பிறப்பிக்கும் வழி எதுவென்பது பின்னும் பல நூற்றாண்டுகள் மறைபொருளாகவே இருந்தது.

ஐரோப்பாவில் இக்கேள்வி தலைகீழாய் எழுந்தது வியப்புக்குரியது. பிரெஞ்சு உடலியலறிஞர் கிளோத் பெர்னார், 1849-இல், முயலின் மூளை அடிப்பகுதியில் ஒரு குறிப்பிட்ட இடத்தை ஊசியால் குத்தினால் அதன் சிறுநீரில் சர்க்கரை தோன்றுவதைக் கண்டார். நரம்பு மண்டலத்தைச் சீண்டினால் சர்க்கரை வருகிறது. ஆகவே நீரிழிவு என்பதே நரம்பில் பிறக்கும் நோய் எனப் பலர் முடிவு கட்டினர். நீரிழிவாளருக்குக் கால் எரிச்சலும் மரத்தலும் இருப்பது அம்முடிவுக்குச் சான்றாகவே கொள்ளப்பட்டது. 1864-இல் மார்ஷல் தெ கால்வி என்னும் பிரெஞ்சு மருத்துவர் இதனை மறுத்து, நரம்பின் கேடு நீரிழிவின் காரணம் அன்று, அதன் விளைவே என நிறுவினார். காரணத்தையும் காரியத்தையும் இடம் மாற்றிவிடும் பிழையைப் பற்றிக் குருமடத்தில் மெய்யியல் ஆசிரியர்கள் நம்மை ஓயாமல் எச்சரித்ததுண்டு. அப்பிழை எத்துணைப் பெரிய அறிஞர்களையும் ஆட்கொள்ளும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு நாம் கண்டதில்லை.

1885-இல் இலண்டனில் பிரடெரிக் பேவி என்னும் மருத்துவர் ஆற்றிய உரை இன்று படித்தாலும் பழையதாய்த் தோன்றாது. கால்கள் கனத்துப்போதல், பாதம் மரத்துப்போதல், மின்னலெனப் பாயும் குத்தல், எலும்பின் உள்ளே ஆழத்தில் உறைவது போன்ற நோவு, அந்நோவு இரவில் மிகுதல், முழங்காலைத் தட்டினால் துள்ளாதிருத்தல் ஆகிய அனைத்தையும் தம் நோயாளரிடம் கேட்டும் கண்டும் அவர் அடுக்கிக் கூறியிருந்தார். இன்று எந்தச் சர்க்கரை நோய் மருத்துவரிடம் சென்றாலும் அவர் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ இவையே.

எனினும் அக்காலத்தில் இது பெருஞ்சிக்கலாக உருவெடுக்கவில்லை. கடும் நீரிழிவு கண்டவர்கள் நரம்பு கெடும்வரை உயிர் வாழ்ந்ததே அரிது. 1922 சனவரி 11-ஆம் நாள் டொராண்டோ நகரில் லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. தூய்மை போதாத அம்மருந்து அன்று பெரிதும் பயன்படவில்லை; பன்னிரண்டு நாள்கள் கழித்து, மேலும் தூய்மையாக்கப்பட்ட மருந்து பயன் தந்தது. அதன்பின் இந்நோயின் வரலாறே மாறிற்று. சாவின் வாயிலில் நின்றவர்கள் பத்தாண்டும் இருபதாண்டும் வாழலாயினர். வாழ்வு நீண்டபோதுதான் அதுவரை மறைந்திருந்த கேடுகள் வெளிப்பட்டன. 1936-இல் அமெரிக்க மருத்துவர் ஜோர்டன் நீரிழிவாளரின் நரம்புக் கேடுகளைத் தொகுத்து எழுதியபோது, வலியில்லாமலே கணுக்கால் எலும்புகள் நொறுங்கி உருக்குலையும் நிலையையும் குறித்தார். இன்சுலின் வந்து பதினான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன.

எத்தனை பேருக்கு இது நேரும் என்பதற்கு விரிவான விடை தந்தவர் பெல்ஜிய நாட்டு மருத்துவர் ஜான் பிரார். 1947 முதல் 1973 வரை ஏறத்தாழ 4,400 நோயாளரை ஆண்டுதோறும் அவரே தம் கையால் சோதித்து வந்தார். நோய் கண்டறியப்பட்ட நாளில் 100 பேரில் 7 அல்லது 8 பேருக்கு நரம்புக் கேடு இருந்தது. 25 ஆண்டுகளுக்குப்பின் அது 50 பேராயிற்று. ஒரு மனிதர் தம் வாழ்நாளின் கால் நூற்றாண்டை மற்றவர் கால்களைத் தட்டியும் தடவியும் பார்ப்பதில் செலவிட்டார் என்பது, அந்த எண்ணிக்கையைவிட நம்மை அதிகம் சிந்திக்க வைக்கிறது.

இனி, சர்க்கரைக்கும் பாதத்திற்கும் உள்ள தொடர்பைச் சற்றே விளக்குவோம். கால் பெருவிரலின் தொடுவுணர்வைத் தாங்கிச் செல்லும் நரம்பிழையின் உயிரணு, முதுகெலும்பை ஒட்டி அமைந்துள்ளது. அங்கிருந்து விரல் நுனிவரை ஒரே இழைதான். அதன் நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். கண்ணுக்குப் புலப்படாத ஓர் உயிரணு தன் உருவத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு நீண்ட ஓர் இழைக்கு உணவூட்ட வேண்டியிருக்கிறது. கால்வாயின் கடைமடைக்குத் தண்ணீர் சென்று சேர்வது எத்துணை அரிது என்பதை உழவர் குடியில் பிறந்தோர் அறிவர். குருதியில் சர்க்கரை மிகும்போது அதன் ஒரு பகுதி நரம்பினுள் சார்பிட்டால் என்னும் பொருளாக மாறித் தேங்குகிறது. நரம்புக்குக் குருதி கொண்டுசெல்லும் மயிரிழைக் குழாய்களின் சுவர்களும் தடிக்கின்றன. கடைமடைதான் முதலில் வாடும். ஆகவே விரல்நுனியில் தொடங்கும் மரத்தல், காலுறை அணிந்தாற்போல் மெல்ல மேலேறுகிறது. முழங்காலை நெருங்கும் வேளையில் கைவிரல்களிலும் தோன்றுகிறது.

உணர்வு நரம்பு மட்டும் கெடுவதில்லை. வியர்வையைச் சுரக்கச் செய்யும் நரம்பும் ஓய்வதால் பாதம் வறண்டு வெடிக்கிறது. பாதத்தின் சிறு தசைகள் வலுவிழப்பதால் விரல்கள் மடங்கி, உடலின் எடை முழுவதும் விரலடி எலும்புகளின்மேல் இறங்குகிறது. அந்த இடத்தில் தோல் தடித்துக் காய்ப்பாகிறது. காய்ப்பு பாதுகாப்பு எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது செருப்பினுள் கிடக்கும் கல்லைப் போன்றது. மற்றொரு புதிரும் உண்டு. இரவெல்லாம் கால் எரிகிறது என்று துடிக்கும் அதே மனிதர், பாதத்தில் ஆணி ஏறியிருப்பதை அறியமாட்டார். எரிச்சல் இருப்பதால் உணர்வு இருக்கிறது என்று கொள்வது தவறு. கெட்டுப்போன நரம்பு பொய்யான வலியை எழுப்பவும் கூடும். மெய்யான வலியை மறைக்கவும் கூடும்.

இந்த இடத்தில் நம் வரலாறு வேலூருக்குத் திரும்புகிறது.

கொல்லிமலையில் தொண்டாற்றிய ஆங்கிலேய மறைப்பணியாளர் இணையருக்கு 1914-இல் பிறந்தவர் பால் பிராண்டு. மலைச் சிறுவர்களோடு ஓடியாடி வளர்ந்த அவரை, ஒன்பதாம் வயதில் படிப்பிற்காக இங்கிலாந்துக்கு அனுப்பினர். 1929-இல் தந்தை கொல்லிமலையிலேயே காய்ச்சலால் இறந்தார். மகன் முதலில் கட்டடத் தொழிலும் தச்சும் பயின்று, பின்னரே மருத்துவம் கற்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராய் வந்து சேர்ந்தார். செங்கற்பட்டுக்கு அருகிலிருந்த தொழுநோய் இல்லத்தை மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அவருக்குச் சுற்றிக் காட்டினார். அங்கு விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளரின் கையைப் பிராண்டு பற்றியபோது, அந்தக் கை அவர் கையை வலிக்க வலிக்க இறுக்கிற்று. அத்துணை வலிவு இன்னும் அந்தக் கையில் இருந்தது. தசைகள் இறக்கவில்லை, சில நரம்புகள் மட்டுமே செயலிழந்துள்ளன என்பதை அந்த ஒரு பற்றுதலில் அவர் கண்டுகொண்டார். நல்ல தசைநாணை இடம்மாற்றிப் பொருத்தி, முடங்கிய விரல்களை இயங்கச் செய்யும் அறுவை முறை இதிலிருந்தே வளர்ந்தது.

ஆனால் நம் பொருளுக்கு இன்றியமையாதது அதற்கு அடுத்த கண்டுபிடிப்பு. தொழுநோயால் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்றே உலகம் நம்பியிருந்தது. நோயாளரின் சதை ஆறாத சதை என மருத்துவர்களும் எண்ணினர். சீரமைக்கப்பட்ட கைகளோடு தொழில் பழக வந்தவர்களுடன் நாள்தோறும் இருந்து பார்த்த பிராண்டு, ஒவ்வொரு புண்ணுக்கும் தனித்தனிக் கதை இருப்பதைக் கண்டார். தாம் திறக்க இயலாத துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் ஒரே திருப்பில் திறந்துவிட்டான். அவன் விரலைப் பார்த்தால் எலும்பு தெரியுமளவு சாவி வெட்டியிருந்தது. அவனோ அதை அறியவில்லை. சிலருடைய விரல்கள் இரவோடு இரவாகக் குறைந்துபோயிருந்தன. விழித்திருந்து காவல் காத்தபோதுதான், உறங்குபவரின் விரலை எலி கடித்துத் தின்பது தெரியவந்தது. அதன்பின் வீடு திரும்பும் நோயாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூனையைக் கொடுத்தனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. படிப்பவருக்கு நகைப்பு வரலாம். மருத்துவ வரலாற்றில் பூனையைப் பரிந்துரைத்த இடம் இதுவொன்றே போலும். நோய் விரலைத் தின்னவில்லை. வலி என்னும் காவலாளி இல்லாத வீட்டில் யார் வேண்டுமானாலும் நுழைந்தார்கள். அவ்வளவே.

அவ்வாறாயின், புண்ணைக் காத்தால் அது ஆற வேண்டும் அல்லவா? ஆறவே செய்தது. இதற்குக் கைகொடுத்தது மாவுக்கட்டு. எலும்பு முறிவுக்குப் போடுவது போன்ற கட்டைப் பாதத்தின் வடிவத்தோடு முற்றிலும் பொருந்துமாறு வார்த்துவிட்டால், உடலின் எடை ஒரே புள்ளியில் இறங்காமல் உள்ளங்கால் முழுவதும் பரவுகிறது. நோயாளர் நடந்துகொண்டே இருக்க, உள்ளே புண் ஆறுகிறது. இம்முறையின் தொடக்கத்தை மருத்துவ நூல்கள் இலங்கையின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் மில்ரோய் பாலின் பெயரோடு இணைத்துக் கூறுகின்றன. கொழும்பில் அறுவை மருத்துவப் பேராசிரியராய் விளங்கிய தமிழர் அவர். வேலூரிலும், அதனையடுத்துக் கரிகிரியில் 1955-இல் எழுந்த தொழுநோய் ஆய்வு மருத்துவமனையிலும் இம்முறை வளர்ந்தது. ஆறிய பாதம் மீண்டும் புண்ணாகாதிருக்க, மைக்ரோசெல்லுலர் ரப்பர் என்னும் மென்மையான, ஆனால் நசுங்கிப்போகாத ரப்பரால் அடித்தளம் இட்ட செருப்பும் உருவாயிற்று. தச்சும் கட்டடமும் கற்ற மருத்துவருக்குச் செருப்பு தைப்பவரின் பட்டறை அயலிடமாகத் தோன்றவில்லை.

1953-இல் நிகழ்ந்த ஒன்றையும் பிராண்டு பின்னர் எழுதியுள்ளார். பயணத்தின் களைப்போடு இலண்டனில் ஓர் இரவு காலுறையைக் கழற்றும்போது, குதிகாலில் உணர்வே இல்லாததைக் கண்டார். ஊசியால் குத்திப் பார்த்தார். குருதி வந்தது, வலி வரவில்லை. தொழுநோய் தம்மையும் தொற்றிவிட்டது என்ற முடிவோடு இரவு முழுவதும் உறங்காமல் கிடந்தார். காலையில் மறுபடி குத்தியபோது வலியால் அலறினார். தொடர்வண்டியில் நெடுநேரம் அசையாமல் அமர்ந்திருந்ததால் ஒரு நரம்பு நசுங்கி மரத்திருந்ததே உண்மை. அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி கூறினார். துன்பத்தைப் பற்றி மறையுரை ஆற்றும் நாம், வலிக்கு நன்றி கூறும்படி நம் மக்களிடம் எளிதில் சொல்லிவிட முடியாது, சொல்லவும் கூடாது. புற்றுநோயால் துடிப்பவரிடம் அப்படிச் சொல்வது கொடுமை. பிராண்டு அதைச் சொல்லத் தகுதி பெற்றது, வலியற்ற மனிதர்களோடு வாழ்ந்து பார்த்ததால்.

1966-இல் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அந்த இடத்தைப் பற்றி நம் இதழின் வாசகர்கள் அறிந்திருப்பது நன்று. 1894-இல் மிசிசிப்பி ஆற்றின் வழியே படகில் கொண்டுவந்து இறக்கப்பட்ட சில நோயாளர்களோடு, கைவிடப்பட்ட ஒரு கரும்புத் தோட்ட மாளிகையில் தொடங்கியது அவ்வில்லம். பணிபுரிய யாரும் முன்வராத அவ்விடத்திற்கு 1896-இல் வந்தவர்கள் புனித வின்சென்ட் தெ பவுலின் பிறரன்புப் புதல்வியர் சபை அருட்சகோதரிகள். நூறாண்டுக்கும் மேலாக அவர்கள் அங்கே இருந்தனர். 1941-இல் தொழுநோய்க்கு முதல் பயனுள்ள மருந்து சோதிக்கப்பட்டபோது, நோயாளருக்குப் பணிவிடை செய்தவர்கள் அவர்களே. உள்ளே வந்த நோயாளர் பலர் குடும்பத்தின் மானத்தைக் காக்கத் தம் சொந்தப் பெயரையே விட்டுவிட்டு வேறு பெயர் சூட்டிக்கொண்டனர். சகோதரிகளுள் சிலர் பிற்காலத்தில் ஆய்விலும் பங்குகொண்டனர் என்பதை வரலாறு இன்னும் போதிய அளவு எடுத்துரைக்கவில்லை என்றே எண்ணுகிறோம்.

கார்விலில் பிராண்டும் அவர் குழுவினரும் கேட்ட கேள்வி இதுதான்: ஆணியும் கண்ணாடித் துண்டும் குத்தாதவருக்கும் புண் ஏன் வருகிறது? எலிகளின் பாதத்தில் சிறு கருவி ஒன்றால், தோலைக் கிழிக்காத மெல்லிய அழுத்தத்தை நாளொன்றுக்குப் பல்லாயிரம் முறை கொடுத்துப் பார்த்தனர். முதல் நாளில் சிவந்தது; அடுத்தடுத்த நாள்களில் வீங்கிற்று; பத்து நாள்களுக்குள் புண்ணாயிற்று. நடப்பதும் அத்தகையதே. உணர்வுள்ளவர் நெடுந்தூரம் நடந்தால், தம்மை அறியாமலே அடி வைக்கும் முறையை மாற்றுகிறார், சிறிது நொண்டுகிறார், எடையைப் பாதத்தின் மறுபக்கத்திற்குத் தள்ளுகிறார். உணர்வற்றவர் முதல் அடியை எப்படி வைத்தாரோ அப்படியே பத்தாயிரமாவது அடியையும் வைக்கிறார். நொண்டத் தெரியாததே அவருடைய நோய் எனலாம். புண் தோன்றுமுன் அவ்விடம் சூடாகிறது என்பதையும் அவர்கள் கண்டனர். ஒரு பாதத்தின் ஓரிடம் மறு பாதத்தின் அதே இடத்தைவிட 2.2 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக இருப்பின் அது எச்சரிக்கை என்று பிற்கால ஆய்வாளர்கள் அளவும் வகுத்தனர்.

தோற்றுப்போன ஒரு முயற்சியும் உண்டு. வென்றவற்றைவிட அதுவே நமக்கு அதிகம் கற்பிக்கிறது. உணர்விழந்தவர்களுக்குச் செயற்கையாக வலியை அளிக்கக் கருவி செய்ய முனைந்தனர். கையுறையிலும் காலணியிலும் மின்னுணரிகளைப் பொருத்தி, அழுத்தம் மிகும்போது காதருகே ஒலி எழுமாறு செய்தனர். நோயாளர் ஒலியைக் கேட்டும் வேலையைத் தொடர்ந்தனர். பின்னர், உணர்வு எஞ்சியிருந்த அக்குளில் மின்னதிர்ச்சி கொடுத்தனர். ஆபத்தான வேலை ஒன்றைச் செய்யுமுன் நோயாளர் மின்னிணைப்பை நிறுத்திவிட்டு, வேலை முடிந்தபின் மீண்டும் இணைத்துக்கொண்டனர்! அவர்கள் அறிவிலிகள் அல்லர். நிறுத்தும் விசை கையில் இருந்தால் நாமும் அதையே செய்வோம். முயற்சி கைவிடப்பட்டது.

கார்விலில் இருந்தபோதுதான் பிராண்டு நீரிழிவாளரின் பாதங்களைக் கூர்ந்து நோக்கினார். வேலூரில் ஆயிரக்கணக்கில் கண்ட அதே புண்கள், அதே இடங்களில். இங்கும் அதே நம்பிக்கை ஆட்சி செய்தது: சர்க்கரைப் புண் ஆறாது, குருதியோட்டம் கெட்டுவிட்டது, ஆகவே வெட்டி எடுப்பதே வழி. குருதிக் குழாய் அடைப்பு உள்ளவர்களும் உண்டு என்பதை மறுக்க முடியாது. புண்ணில் கிருமி பரவினால் உயிருக்கே கேடு என்பதும் உண்மை. ஆயினும் மிகப் பலருக்குப் புண் ஆறாததன் காரணம், அவர்கள் வலியின்றி அதன்மேல் நடந்துகொண்டே இருந்ததுதான். கொழும்பிலும் வேலூரிலும் தொழுநோயாளருக்குப் போட்ட அதே மாவுக்கட்டைப் போட்டபோது, பல மாதங்கள் ஆறாதிருந்த புண்கள் சில வாரங்களில் ஆறின. அட்லாண்டா நகரின் கிராடி நினைவு மருத்துவமனையில் ஜான் டேவிட்சன் என்னும் நீரிழிவு மருத்துவர், வரும் ஒவ்வொரு நோயாளரின் பாதத்தையும் பார்க்கும் ஒழுங்கைக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் அங்குக் கால் துண்டிப்புகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. கால்களைக் காக்க நாடு முழுவதும் என்ன செய்யலாம் என்று அரசினர் கருத்துக் கேட்டபோது, நோயாளரின் காலணியையும் காலுறையையும் கழற்றிப் பார்க்கும்படி மருத்துவர்களைத் தூண்டுங்கள் என்றே பிராண்டு விடை கூறியதாகச் சொல்வர். விலையுயர்ந்த திட்டத்தை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு அது ஏமாற்றமாய் இருந்திருக்கும்.

பெரிய வியாழனன்று பன்னிருவரின் பாதங்களைக் கழுவும் நாம், ஆண்டில் ஒருநாளேனும் பிறர் பாதத்தைக் கையில் ஏந்திப் பார்க்கும் பேறு பெற்றவர்கள். அன்று பெரும்பாலும் வீட்டிலேயே நன்றாகத் தேய்த்துக் கழுவிய பாதங்களைத்தான் நம்மிடம் நீட்டுகிறார்கள். இருப்பினும் விரலிடுக்கில் ஒரு கருமை, குதிகாலில் ஆழ்ந்த வெடிப்பு, தண்ணீர் பட்டும் சிலிர்க்காத தோல் ஆகியவை கண்ணில் படாமல் போவதில்லை.

பாதத்தின் உணர்வைச் சோதிக்க இன்று உலகெங்கும் பயன்படும் கருவியும் இதே வழியில் வந்ததே. குதிரை மயிரால் தோலைத் தொட்டு உணர்வை அளக்கும் முறையைச் செருமானியர் மாக்ஸ் ஃபான் ஃபிரே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தார். 1960-இல் ஜோசபின் செம்ஸ், சிட்னி வைன்ஸ்டைன் ஆகிய இருவரும், மூளையில் காயமுற்றோரைச் சோதிக்க மயிருக்குப் பதிலாக நைலான் இழைகளைப் பயன்படுத்தினர். 1986-இல் கார்வில் ஆய்வாளர்கள் பர்க், சிம்ஸ் இருவரும் பாதப்புண் கண்ட தொழுநோயாளரையும் நீரிழிவாளரையும் இவ்விழைகளால் சோதித்து, 10 கிராம் விசையில் வளையும் இழையை உணரக்கூடியவர் ஒருவருக்கும் புண் இருக்கவில்லை எனக் கண்டனர். கண்ணை மூடிக்கொண்டு நோயாளர் படுத்திருக்க, உள்ளங்காலின் சில இடங்களில் இழையை அது வளையும்வரை அழுத்தி எடுக்கிறார்கள். உணர்ந்தால் அவர் "ஆம்" என்கிறார். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். விலையோ மிகச் சொற்பம்.

நம் சென்னையும் இவ்வரலாற்றில் பின்தங்கியதன்று. 1948-இல் மருத்துவர் மு. விசுவநாதன் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். இராயபுரத்தில் அவர் நிறுவிய மருத்துவமனை பாதப் பாதுகாப்பில் பல ஆய்வுகளை நடத்தி வருகிறது. 2008-இல் வெளியான சென்னை நகர ஆய்வொன்று, நீரிழிவாளருள் ஏறத்தாழ 26 விழுக்காட்டினருக்கு நரம்புக் கேடு இருப்பதாகக் கண்டது. 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவோடு வாழ்வதாக மதிப்பிட்டது. இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், உணர்விழந்த பாதங்களோடு நம்மிடையே நடமாடுவோர் எத்தனை பேர் என்பது ஒருவாறு விளங்கும்.

இழந்த உணர்வை மீட்டுத்தரும் மருந்து இன்றுவரை இல்லை. எரிச்சலைத் தணிக்கும் மருந்துகள் உண்டு. அவை எரிச்சலைத்தான் தணிக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை வைத்து நடந்து 1993-இல் முடிவு வெளியான பேராய்வு, இன்சுலினையே சார்ந்து வாழ்வோர் சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினால் நரம்புக் கேடு 60 விழுக்காடு குறையும் எனக் காட்டிற்று. நம் நாட்டில் மிகுதியாகக் காணும் இரண்டாம் வகை நீரிழிவில் இப்பயன் அந்த அளவுக்குக் கிட்டவில்லை. ஆகவே காவலற்ற பாதத்துக்குக் கண்ணையும் கையையும் காவல் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. நாள்தோறும் இரவில் உள்ளங்காலைப் பார்த்தல். குனிய இயலாதவர் தரையில் கண்ணாடி வைத்துப் பார்த்தல், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுதல். செருப்பை உதறிவிட்டு அணிதல். வெந்நீரின் சூட்டைக் காலால் அன்றி முழங்கையால் அறிதல். காய்ப்பைத் தாமே பிளேடால் சீவாதிருத்தல்.

இங்கு நம் பக்தி வழக்கங்களைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டியிருக்கிறது. ஆகஸ்டு இறுதியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் திருப்பயணிகளுள் செருப்பின்றி நடப்போர் பலர். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சுடுமணலில் சிலுவைப்பாதை செய்வோரும் உண்டு. உணர்வுள்ள கால்களோடு இவ்வாறு நடப்பது ஒறுத்தல். உணர்வற்ற காலுக்கு அங்கே ஒறுத்தலே இல்லை. வலியில்லாத இடத்தில் எதை ஒப்புக்கொடுப்பது? எஞ்சுவது கொப்புளம் மட்டுமே. நேர்ச்சையை மாற்றித் தரும் அதிகாரம் திருச்சபைச் சட்டத்தில் பங்குக்குருவுக்கு உண்டு. கேட்கத் தயங்க வேண்டாம்.

நம் பங்கில் சர்க்கரை நோயாளர் செருப்போடு ஆலயத்தினுள் வரலாம் என்று சென்ற ஆண்டு அறிவித்தோம். பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தனர். அதை எதிர்பார்த்தே இருந்தோம். எதிர்பாராதது வேறொன்று. கருப்பு ரப்பர் அடித்தளமும் ஒட்டுப்பட்டையும் கொண்ட அந்த மைக்ரோசெல்லுலர் செருப்பை மருத்துவர் எழுதிக் கொடுத்தும், வாங்கியவர்கள் அதை வீட்டுக் கட்டிலுக்கடியிலேயே வைத்திருக்கிறார்கள். கேட்டால், அது தொழுநோயாளர் போடும் செருப்பாயிற்றே, பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்கிறார்கள். இப்போது வேலைப்பாடு செய்து, பல நிறங்களில் தோல் தைத்து, பார்த்தால் கடைச் செருப்பு என்றே தோன்றும்படி அதனைச் செய்து தருகிறார்கள். உள்ளே இருக்கும் ரப்பர் அதேதான். அவ்வாறு செய்த செருப்பு அணிந்து இரண்டு பெண்மணிகள் ஞாயிறு திருப்பலிக்கு வருகிறார்கள். நற்கருணை பெற முன்வரும்போது இன்னும் அதைக் கழற்றி இருக்கையின் கீழே தள்ளிவிட்டுத்தான் வருகிறார்கள்.